தலைசுத்தலுக்கு எங்க போகணும், என்ன டெஸ்ட் எடுக்கணும்? நெல்லை, தென்காசிப் பக்கம் உள்ளவங்களுக்கு

மருந்துக்கடை, மேலப்பாளையம்

"தலைசுத்தல் மாத்திரை ரெண்டு குடுங்க"ன்னு கேட்டு கவுண்டர்ல நிக்கிறவங்க எல்லாருக்கும் ஒரே சீக்கு கிடையாது. யாரை உடனே ஐகிரவுண்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், யாருக்குப் பக்கத்துல உள்ள காது மூக்கு தொண்டை டாக்டர் போதும், யாருக்கு பிரஷர் பாத்தாலே விஷயம் தெரிஞ்சிரும்? மாத்திரையைக் கையில குடுக்கதுக்கு முன்ன என்னென்ன கேக்கணும்? ஆடியோலஜி, பிசியோ, நர்சிங்ல உள்ளவங்க விவரமாச் சொல்லுங்க. சொந்த அனுபவம் வேண்டாம், செய்முறை வேணும்.

ஆடியோலஜி, பாளை

அண்ணாச்சி, முதல் சிக்கல் அந்த வார்த்தையிலயே இருக்கு. சுவரும் விட்டமும் சுழலுறதும் தலைசுத்தல்தான், எந்திரிக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வாரதும் தலைசுத்தல்தான், நடக்கையில ஒரு பக்கமாத் தள்ளுறதும் அதேதான். "எப்படி இருக்கு"ன்னு கேட்டா ஒரே ஆள் காலையில ஒண்ணு சொல்லுவாங்க, சாயங்காலம் வேற சொல்லுவாங்க. அதனால மூணு விஷயம் கேளுங்க: எவ்வளவு நேரம் நிக்குது, என்ன செய்யும்போது வருது, கூட வேற என்ன வருது.

படுக்கையில புரளும்போது, குனிஞ்சு நிமிரும்போது, கொடியில துணி காயப்போட அண்ணாந்து பாக்கும்போது அரை நிமிஷம் சுத்திட்டு நின்னா, உள்காதுல கால்சியம் துகள் இடம் மாறியிருக்கு. இருபது நிமிஷத்துல இருந்து அரை நாள் வரைக்கும் சுத்தி, கூடவே ஒரு காது அடைச்சு இரைச்சல் கேட்டா மெனியர்ங்கிற உள்காது நோயை நினைக்கணும். ரெண்டு மூணு நாள் விடாம சுத்தி, வாந்தி எடுத்து, காது நல்லாக் கேட்டா சமநிலை நரம்பு அழற்சியா இருக்கலாம். ஆனா பக்கவாதமும் அச்சு அசலா அப்படியே வரும், அதுக்கு நர்ஸ் அக்கா யாராவது எழுதுங்க. வெளிச்சமும் சத்தமும் ஆகாம, அஞ்சு நிமிஷத்துல இருந்து மூணு நாள் வரை எவ்வளவு வேணாலும் நீடிச்சா ஒற்றைத் தலைவலியோட சேர்ந்த தலைசுத்தல். இதுல தலைவலி ஒவ்வொரு தடவையும் வரணும்னு இல்ல.

நேரத்தைக் கேக்கதுல ஒரு தப்பு நடக்கும். "நாள் பூராச் சுத்துது"ம்பாங்க. உண்மையில சுத்துனது நாப்பது செகண்டா இருக்கும், அதுக்கப்புறம் வந்த குமட்டலும் பயமும்தான் நாள் பூரா. "தலையை அசைக்காமப் படுத்தா நிக்குதா?"ன்னு ஒரு கேள்வி சேத்துக் கேளுங்க. நின்னுட்டா முதல் வகை. அசையாமக் கிடந்தும் சுத்தினா அது வேற கணக்கு.

நர்ஸ், அவசரப் பிரிவு

அந்த வேற கணக்கை நான் எழுதுதேன். கீழ உள்ளதுல ஒண்ணு இருந்தாலும் மாத்திரை குடுக்கக் கூடாது, 108-க்கு அடிக்கணும்:

பாக்கது ரெண்டு ரெண்டாத் தெரியுது. பேச்சு குளறுது, முழுங்கச் சிரமம். வாய் ஒரு பக்கம் கோணுது, ஒரு கை கால் மரத்துப் போகுது. இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, பிடரி வலி. சுத்தலோட ஒரு காது திடீர்னு கேக்காமப் போச்சு. நெஞ்சு வலி, நினைவு தப்புதல். எல்லாத்தையும் விட முக்கியமா, புடிச்சுக்காம உக்காரவோ நிக்கவோ முடியல. உள்காதுப் பிரச்சினைல ஆள் சாஞ்சு சாஞ்சாவது நடந்திருவாங்க. சிறுமூளை பக்கவாதத்துல உக்கார வச்சாலே சரிஞ்சு விழுவாங்க.

கூட வாரவங்க ஒண்ணைத் தெளிவாச் சொல்லணும்: கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு 4.5 மணி நேரக் கெடு அங்க இருந்துதான் ஆரம்பிக்கும். தூங்கி எந்திரிச்சப்பவே சுத்தினா, எந்திரிச்ச நேரத்தைச் சொல்லாதீங்க, படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்க.

"சி.டி. நார்மல், ஒண்ணும் இல்ல"ன்னு வீட்டுக்குத் திரும்பிரக் கூடாது. சி.டி. ரத்தக் கசிவைக் காட்டும். மூளையோட பின்பக்கம் அடைப்பு வந்தா அதுல சரியாத் தெரியாது. எம்.ஆர்.ஐ.கூட முதல் 48 மணி நேரத்துல சில பேருக்கு நார்மல்னு காட்டிரும். அந்த நேரத்துல கட்டில் பக்கத்துல நின்னு செய்யுற ஹின்ட்ஸ் பரிசோதனைக்குத்தான் மதிப்பு. 2009-ல இருந்து பேசப்படுது, மூணே அங்கம். நோயாளி டாக்டரோட மூக்கையே பாத்துக்கிட்டிருக்க, டாக்டர் தலையைச் சட்டுனு ஒரு பக்கம் திருப்புவாங்க. அடுத்து, கண்ணை இடம் வலமாப் பாக்கச் சொல்லி, கண்ணு தானாத் துடிக்கிற திசை மாறுதான்னு பாப்பாங்க. கடைசியா ஒவ்வொரு கண்ணா மாத்தி மாத்தி மூடி, கண்ணு மேல கீழ நகருதான்னு பாப்பாங்க. துடிப்பு திசை மாறினாலோ, கண்ணு மேல கீழ நகர்ந்தாலோ மூளைப் பிரச்சினைன்னு எடுத்துக்கணும். தலையைத் திருப்புறது பல பேருக்குப் புரியாது: விடாம சுத்திக்கிட்டிருக்க ஆளுக்கு இந்தச் சோதனை *நார்மலா* வந்தாத்தான் பயப்படணும். உள்காது நரம்பு கெட்டிருந்தா கண்ணு பிந்தி, வெடுக்குனு திரும்பி வரும். அப்படி வந்தா ஆறுதல்.

இதை இப்போ சுத்திக்கிட்டிருக்கவங்களுக்கு மட்டும்தான் செய்யணும். வந்து வந்து போற ஆளுக்குச் செஞ்சா தப்பாத்தான் முடியும்.

பிசியோ, அம்பை

துகள் இடம் மாறுன வகையைக் கண்டுபிடிக்க ஸ்கேனே வேண்டாம், ஒரு கட்டில் போதும். டிக்ஸ் ஹால்பைக் சோதனை, 1952-ல இருந்து இருக்கு. செய்யத் தெரிஞ்ச கை கிடைக்காமத்தான் எத்தனையோ பேர் எம்.ஆர்.ஐ. படத்தைச் சுருட்டி வச்சுக்கிட்டு அலையுதாங்க.

ஆளை கட்டில்ல காலை நீட்டி உக்கார வைக்கணும். தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்பி, ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சு, ஒரே வீச்சாப் படுக்க வைக்கணும். தலை கட்டில் விளிம்பைத் தாண்டி 20 டிகிரி கீழ தொங்கணும். கண்ணை மூடவே விடக் கூடாது. முன்னாலயே சொல்லி வைங்க, "சுத்தும், ஒரு நிமிஷத்துல நின்னுரும், நான் பிடிச்சிருக்கேன்"னு.

பாக்க வேண்டியது கண்ணைத்தான். படுத்த உடனே ஒண்ணும் இருக்காது. ரெண்டு செகண்டோ பத்து செகண்டோ கழிச்சு கண்ணு துடிக்க ஆரம்பிக்கும். கருவிழியோட மேல்விளிம்பு கீழ இருக்க காதைப் பாத்துச் சுருட்டிச் சுருட்டி அடிக்கும், கூடவே நெத்தியைப் பாத்தும் அடிக்கும். வேகம் கூடி, குறைஞ்சு, ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்கிரும். உக்கார வச்சா எதிர்த் திசையில கொஞ்சம் துடிக்கும். இவ்வளவும் வந்தா வலது உள்காதோட பின் அரைவட்டக் குழாய்ல துகள் இருக்குன்னு அர்த்தம். அப்புறம் இடப்பக்கமும் பாக்கணும்.

தாமதமே இல்லாம உடனே துடிச்சு, கன்னத்தைப் பாத்துக் கீழ் நோக்கி அடிச்சு, வச்ச இடத்துலயே அடங்காம நின்னா நரம்பியல் டாக்டர்கிட்ட அனுப்புங்க. அங்க ஸ்கேன் வேணும்.

ரெண்டு பக்கமும் ஒண்ணும் வரலன்னா விட்டுராதீங்க. மல்லாக்கப் படுக்க வச்சு, தலையை 30 டிகிரி தூக்கி, இடமும் வலமும் உருட்டிப் பாருங்க. கிடைக் குழாய்ல துகள் இருந்தா அதுலதான் தெரியும். அதுக்குச் செய்முறையும் வேற.

விவசாயி, சேரன்மகாதேவி

எங்க பக்கத்துல யாரைக் கேட்டாலும் "கழுத்து எலும்பு தேய்மானம், அதான் தலைசுத்து"ன்னு காலர் பட்டை மாட்டி விட்டுருதாங்க. அது சரியா?

பிசியோ, அம்பை

அம்பது தாண்டுன யாரோட கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். படத்துல தேய்மானம் இருக்கதும் தலை சுத்துறதும் ஒண்ணுக்கொண்ணு காரணம்னு அதை வச்சு சொல்ல முடியாது. காலர் போட்டா இன்னொரு கெடுதலும் உண்டு: தலையை அசைக்காம வச்சிருந்தா மூளை சமநிலையைத் திரும்பக் கத்துக்கிடாது. பீடி சுத்துற பெண்களுக்கு நாள் பூராக் குனிஞ்ச கழுத்து, வலி நிச்சயம் இருக்கும். அந்த வலிக்குத் தனியா வைத்தியம் பாக்கணும். தலைசுத்தலுக்கு ஹால்பைக் சோதனையும், ரத்தசோகைக்கு ஹீமோகுளோபினும் பாக்காம கழுத்து மேல பழியைப் போடாதீங்க.

சுப்பு, கடையநல்லூர்

துகளைத் திரும்ப இடத்துக்குக் கொண்டு போற எப்ளி முறையை வீட்டுலயே செய்யலாம்லா? தலையைத் திருப்பிப் படுத்து, எதிர்ப்பக்கம் திருப்பி, அப்புறம் ஒருக்களிச்சு விட்டத்தைப் பாத்துப் படுத்து எந்திரிச்சா சரியாகிரும்.

பிசியோ, அம்பை

தம்பி, கடைசிப் படியிலதான் தப்பு. விட்டத்தைப் பாத்தா துகள் வந்த வழியே திரும்பிரும். ஒருக்களிக்கும்போது முகம் தரையைப் பாக்கணும். முழுசா எழுதுதேன், வலது காதுன்னு வச்சுக்கோங்க. இடதுன்னா எல்லாத்தையும் மாத்திக்கோங்க.

பத்தமடைப் பாய் விரிச்சுத் தரையிலயே செய்யலாம். நைலான் கட்டில் தொய்யும், ஆகாது. தலையணை தலைக்கு இல்ல, தோளுக்குக் கீழ வரணும், அப்பத்தான் தலை தொங்கும். உக்காந்து முகத்தை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டுனு மல்லாக்கச் சாயுங்க. சுத்தல் நின்ன பிறகும் அரை நிமிஷம் அப்படியே. தலையைத் தூக்காம இடப்பக்கம் 90 டிகிரி திருப்புங்க, அங்க ஒரு நிமிஷம். அடுத்து உடம்பையும் இடப்பக்கம் புரட்டி, தலையை இன்னும் 90 டிகிரி திருப்பினா மூக்கு பாயைப் பாக்கும், அங்க ஒரு நிமிஷம். நாடியை நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டே இடப்பக்கமாப் பைய எந்திரிச்சு உக்காருங்க. கொஞ்ச நேரம் பிடி விடாம இருங்க, அப்பத்தான் பின்னால சாயுற மாதிரி தூக்கி அடிக்கும்.

பலிக்காமப் போறதுக்குக் காரணம் பெரும்பாலும் மூணுதான்: எந்தக் காதுன்னு தெரியாமச் செய்யுறது, ரெண்டாவது படிக்கும் மூணாவது படிக்கும் நடுவுல தலையைத் தூக்கிருறது, அவசரப்பட்டு சீக்கிரம் எந்திரிக்கிறது. முதல் தடவை தெரிஞ்ச ஒருத்தர் கையால செஞ்சுக்கிடுங்க. முடக்குவாதத்துல கழுத்து மூட்டு தளர்ந்தவங்க, கழுத்து ஆபரேஷன் ஆனவங்க, விழித்திரை பிரிஞ்சவங்க இதைத் தானாச் செய்யவே கூடாது.

முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி உக்காந்துக்கிட்டே தூங்கணும்னு இன்னும் சொல்லுதாங்க. தேவையில்ல. ஒரு வாரம் கழிச்சு ஹால்பைக்கைத் திரும்பச் செய்யுங்க, கண்ணு துடிக்கலன்னா துகள் இடத்துக்குப் போயிருச்சு. ரெண்டொரு நாள் மிதக்குற மாதிரி இருக்கும், அதுக்கு நடங்க, படுக்காதீங்க. சில பேருக்குத் திரும்பவும் வரும், அப்பவும் இதே வைத்தியம்தான்.

கிராம சுகாதார செவிலியர், நாங்குநேரி வட்டாரம்

கண்ணு இருட்டுற வகையைப் பத்தி யாரும் எழுதலியே. பிரஷர் பாக்கதுலயே தப்பு நடக்கு. உக்கார வச்சு ஒரு தடவை பாத்து "120/80, நல்லாருக்கு"ன்னு அனுப்பிருதாங்க. அஞ்சு நிமிஷம் மல்லாக்கப் படுக்க வச்சுப் பாருங்க. நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல ஒண்ணு, மூணாவது நிமிஷத்துல ஒண்ணு பாருங்க. மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ இறங்கினா அதுதான் காரணம். நிக்கும்போது கையைத் தொங்கப் போடாதீங்க, அளவு கூடிக் காட்டும். கை நெஞ்சு உயரத்துல இருக்கணும்.

இறங்கினா மாத்திரைச் சீட்டை எடுங்க. நீர் பிரியுற மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் குடுக்குற டாம்சுலோசின், புதுசா கூட்டுன பிரஷர் மாத்திரை இருக்கான்னு பாருங்க. தானா நிறுத்தாதீங்க, எழுதுன டாக்டர்கிட்ட இந்த மூணு அளவையும் தாள்ல எழுதிக் குடுங்க. சித்திரை வெயில்ல வயல்ல நிக்கவங்களுக்கு தண்ணி பத்தாம வாரதும் இதே மாதிரிதான் இருக்கும்.

சர்க்கரை உள்ளவங்களுக்கு, தலை கிறங்குற அந்த நேரத்துலயே விரல்ல குத்திப் பாருங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்து நார்மல்னா ஒண்ணும் தெரியாது. மெட்ஃபார்மின் ரொம்ப வருஷமாச் சாப்பிட்டவங்களுக்கு பி12 அளவும் பாக்கணும். அது குறைஞ்சா கால் உணர்ச்சி போய் தள்ளாடும்.

மருந்துக்கடை, மேலப்பாளையம்

ரொம்ப நன்றி. மாத்திரை பத்தி எனக்குத் தெரிஞ்சதை நானும் வச்சிருதேன். புரோக்ளோர்பெராசின் வாந்திக்கும் கடுஞ்சுழலுக்கும் ரெண்டு மூணு நாளைக்குத்தான். சின்ன வயசுக்காரங்களுக்குக் கழுத்தும் தாடையும் இழுத்துக்கும். பெரியவங்க மாசக்கணக்குல தின்னா கை நடுக்கம், உடம்பு விறைப்பு, நடை சுருங்குறது எல்லாம் வரும். சின்னாரிசினும் அப்படித்தான். நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை எழுதி வாங்குறதுக்கு முன்ன இதைச் சொல்லி நிறுத்தப் பாக்கணும். பீட்டாஹிஸ்டின் வயித்துப் புண்ணு, ஆஸ்துமா உள்ளவங்களுக்குப் பாத்துத்தான் குடுக்கணும்.

ஆடியோலஜி, பாளை

சரியாச் சொன்னீங்க அண்ணாச்சி. துகளை எந்த மாத்திரையும் நகத்தாது. நரம்பு அழற்சியிலயும் மூணு நாளைக்கு மேல அமுக்குற மாத்திரை போட்டா மூளை ஈடுகட்டக் கத்துக்கிடறது தள்ளிப் போகும்.

இனி டெஸ்டுக்கு வாரேன். காது கேக்குற ஆடியோகிராம்தான் முதல்ல. அழுக்கு இருந்தா டாக்டர்கிட்ட எடுத்துட்டு வாங்க. கோயில் கொடைக்குப் போய் மேளத்துக்கும் வேட்டுக்கும் பக்கத்துல நின்னுட்டு மறுநாள் காலையில வந்தா அளவு தப்பா வரும். மெனியர்ல 250, 500 ஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த சத்தம்தான் முதல்ல குறையும், சுத்தல் ஓஞ்சதும் திரும்ப வந்துரும். அதனால வந்த ரெண்டொரு நாளுக்குள்ள எடுத்தாத்தான் பிடிபடும். ஒரு காது மட்டும் திடீர்னு போச்சுன்னா அன்னைக்கே வாங்க, ஸ்டீராய்டு ரெண்டு வாரத்துக்குள்ள தொடங்கினாத்தான் பலன். மெனியர்னு உறுதியாச்சுன்னா கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாத்தையும் சேத்து நாளைக்கு உப்பு ஒரு டீஸ்பூனுக்குள்ள. ஆனா நாங்குநேரி அக்கா சொன்ன பிரஷர் இறங்குறவங்க இதைப் படிச்சுட்டு உப்பைக் குறைச்சிராதீங்க.

அடுத்தது வி.என்.ஜி. கண்ணாடி மாதிரி கேமரா மாட்டி கண் துடிப்பைப் பதிவு பண்ணுவாங்க. அதுல ஒரு பகுதி காலரிக் சோதனை: 30 டிகிரி தண்ணியும் 44 டிகிரி தண்ணியும், உடம்புச் சூட்டுக்கு ஏழு டிகிரி கீழயும் மேலயும், ஒவ்வொரு காதுலயா விடுவாங்க. மொத்தம் நாலு தடவை, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷம். சுத்தத்தான் செய்யும், ரெண்டு நிமிஷத்துல அடங்கும். ரெண்டு காதுக்கும் வித்தியாசம் கால்வாசிக்கு மேல போனா ஒரு பக்கம் பலவீனம். முந்தின 48 மணி நேரம் தலைசுத்தல் மாத்திரையும் மதுவும் கூடாது. பிரஷர், சர்க்கரை, வலிப்பு மாத்திரையை நிறுத்தவே கூடாது. கண்ணுக்கு மை வேண்டாம், கேமரா மையைக் கருவிழின்னு எடுத்துக்கும். காலையில ரெண்டு இட்லி போதும்.

செவிப்பறையில ஓட்டை உள்ளவங்க முன்னாலயே சொல்லிருங்க, தண்ணி விடக் கூடாது, காத்து வச்சுச் செய்யலாம். ஓட்டைக் காதோட குற்றாலத்துல அருவிக்கு அடியில தலையைக் குடுத்தவங்களுக்குத் திடீர்னு சுத்துறதும் இதே காரணம்தான். குளுந்த தண்ணி உள்காதுத் திரவத்தை ஒரு பக்கம் ஓட வைக்கும். வழுக்குப் பாறையில அது ஆபத்து. பஞ்சுல வாசலின் தடவி காதை அடைச்சாலும் அருவியோட வேகத்துக்கு நிக்காது.

சித்த மருத்துவ மாணவி, பாளை

பித்தம்னு சொல்லி எங்க கல்லூரிக்கு வாரவங்களுக்கும் நர்ஸ் அக்கா போட்ட பட்டியலை முதல்ல கேக்கணும். இன்னொண்ணு, எண்ணெய் தேச்சுக் குளிச்சதுல தலைசுத்து வந்துச்சும்பாங்க. தண்ணி ஊத்தும்போது தலையைப் பின்னால சாய்க்காங்க, துகள் அப்பதான் நகருது. குளியல் மேல குத்தம் இல்ல. காதுல எண்ணெயோ மூலிகைச் சாறோ விடுறதை மட்டும் யாரும் செய்யாதீங்க, ஓட்டை இருக்கான்னு வெளிய இருந்து தெரியாது.

பிசியோ, அம்பை

சுத்தலே இல்லாம தள்ளாட்டம் மட்டும் உள்ளவங்களைத்தான் நாம எல்லாரும் கோட்டை விடுதோம். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசி, காசநோய்க்கு முன்ன பரவலாப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் இதெல்லாம் ரெண்டு பக்க உள்காதையும் சேத்துக் கெடுக்கும். ரெண்டும் சமமாக் கெட்டா சுத்தாது. நடக்கும்போது எதிர வார பஸ் போர்டு எழுத்து குதிக்கும், நின்னா தெளிஞ்சுரும். கண்ணை மூடி முகம் கழுவும்போது சாஞ்சு சுவரைப் பிடிப்பாங்க. இருட்டுல வரப்புல நடக்க முடியாது. சோதிக்க எளிய வழி: பார்வைப் பலகையை வாசிக்க விட்டு, தலையை செகண்டுக்கு ரெண்டு தடவை இடம் வலமா ஆட்டிக்கிட்டே திரும்ப வாசிக்கச் சொல்லுங்க. மூணு வரி குறைஞ்சா சந்தேகம் உறுதி.

இவங்க தாமிரபரணியில முங்கிக் குளிக்கக் கூடாது. தண்ணிக்குள்ள கண்ணும் இல்ல, காலுக்குத் தரையும் இல்ல, உள்காதும் இல்லன்னா மேல எது கீழ எதுன்னு தெரியாமப் போயிரும். நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் இதேதான். படித்துறையில உக்காந்து செம்புல மொண்டு ஊத்திக்கோங்க. பனை, தென்னை ஏறுறதும் விட்டுரணும்.

பயிற்சி: கட்டைவிரலைக் கை நீட்டி வச்சு, நகத்தையே பாத்துக்கிட்டு தலையை இடம் வலமா ஆட்டணும். நகம் மங்க ஆரம்பிக்கிற வேகம் எதுன்னு பாத்து, அதுக்கு ஒரு படி கீழ நில்லுங்க. ஒரு நிமிஷம் ஆட்டி, கொஞ்சம் ஓய்வு, நாளைக்கு எல்லாம் சேத்து 20 நிமிஷமாவது. லேசாக் கிறங்கத்தான் செய்யும், அதுக்காக விடாதீங்க. நின்னு செய்யுற பயிற்சிக்கு சுவர் மூலையில முதுகு காட்டி நின்னு, முன்னால ஒரு நாற்காலி போட்டுக்கோங்க.

விழுவாங்களான்னு பாக்க: நாற்காலில இருந்து எந்திரிச்சு, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உக்கார எத்தனை செகண்டுன்னு பாருங்க. 12-க்கு மேல போனா வீட்டுல ராத்திரி விளக்கும் குளியலறைக் கைப்பிடியும் அந்த வாரமே வேணும்.

விவசாயி, சேரன்மகாதேவி

ஐகிரவுண்டுல காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போறவங்க கையில என்ன கொண்டு போகணும்?

ஆடியோலஜி, பாளை

காலையிலயே போய் சீட்டு போட்டிருங்க. சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையும் ஒரு பையில போட்டுக் கொண்டு போங்க, பேரு சொன்னாப் போதாது. சுத்துன தேதி, நேரம், எத்தனை நிமிஷம், அப்ப என்ன செஞ்சுக்கிட்டிருந்தாங்க, எந்தக் காது இரைஞ்சுது, இதை ஒரு தாள்ல எழுதுங்க. அடுத்த தடவை சுத்தும்போது வீட்டுல உள்ளவங்க முகத்துக்கு நேரே போனைப் பிடிச்சு, ரெண்டு கண்ணும் தெரியுற மாதிரி ஒரு நிமிஷம் வீடியோ எடுங்க. கண்ணைத் திறந்தே வைக்கச் சொல்லுங்க, லைட்டைப் போட்டுக்கோங்க. ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது துடிப்பு நின்னுபோயிருக்கும். அந்த வீடியோவுல தெரிஞ்சிரும் எந்தக் குழாய்னு. காலரிக் இருந்தா கூட ஒரு ஆள் வேணும். திரும்பி வரும்போது பைக்ல பின்னால உக்கார வைக்காதீங்க, பஸ்லயே முன் சீட்டுல ஜன்னலோரமா உக்காந்து வாங்க.